எண்சுவடியும் எண் படநூலும்

குழந்தைக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பலர், எண்சுவடியை மனப்பாடக் கல்வியின் சின்னமாகவும் எண் கற்பிக்கும் படநூலைப் புரிதல்வழிக் கல்வியின் வரவாகவும் காட்டுவர். முன்னதன் இடத்தைப் பின்னது நிரப்பியது என்னும் இக்கருத்து மீளாய்வுக்குரியது. இரண்டும் கற்பித்த எண்கள் வேறு வேறானவை.

திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பெற்ற பொன்னிலக்கம் ஒன்றில் தொடங்குவதன்று. முந்திரி (1/320), அரைக்காணி (1/160), காணி (1/80), மா (1/20) என ஒன்றுக்குக் கீழிருந்து அது மேலேறுகிறது. நெல்லிலக்கம் முகத்தல் அளவைக்குரியது. சட்டாம்பிள்ளை முன்சொல்ல, பிள்ளைகள் உரக்கச் சொல்லி மணலில் விரலால் எழுதினர். அம்மனப்பாடம் பொருளற்ற ஒப்பித்தலன்று; வயலும் களமும் சார்ந்த அளவைத் தொழில்களோடு இயைந்த கற்றல்முறை என்பதைச் செந்தில்பாபு தம் ஆய்வுகளில் விரிவாக நிறுவியுள்ளார்.

ஆயினும் செவிவழிக் கல்விக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வாறு எண்ணுவது என்பதற்கு கெல்மன், காலிஸ்டல் ஆகியோர் 1978இல் மூன்று நெறிகளைக் கூறினர்: பொருளுக்கு ஓர் எண்பெயராகப் பொருத்துதல், எண்பெயர்களை மாறா வரிசையிற் சொல்லுதல், இறுதியிற் சொன்ன எண்ணே தொகையெனக் கொள்ளுதல். ஓதுதல் இரண்டாவதை உறுதிப்படுத்தும். ஏனைய இரண்டுக்கும் கண்முன் பொருள்கள் வேண்டும். படநூல் இங்கேதான் வலிமை பெறுகிறது. மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர் துர்காபாய் வரைந்து, சென்னை தாரா பதிப்பகம் 2003இல் வெளியிட்ட ‘ஒன், டூ, ட்ரீ!’ என்னும் நூலில், விலங்குகள் எண்ணிக்கையில் பெருகப் பெருக அவற்றைத் தாங்கும் மரமும் விரிகிறது. தொகை வளர்வதைக் குழந்தை விரல்வைத்து எண்ணாமலே கண்டுகொள்கிறது.

ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ இன்னும் ஒரு படி சென்றார். 1975இல் வெளிவந்த அவரது எண் படநூல், பனி மூடிய வெற்று நிலத்தையே முதலிற் காட்டுகிறது. அது சுழி. பின்வரும் பக்கங்களில் அதே நிலத்தில் வீடுகளும் மரங்களும் மனிதரும் பெருகிப் பன்னிரண்டை எட்டுகின்றனர். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி கொண்டிருந்த பழந்தமிழ் எண்முறையில் சுழிக்கு வேலை இருக்கவில்லை என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

எனினும் முந்திரியும் காணியும் இந்நூல்களில் இடம்பெறா. யானை முழுமையானது, முக்கால் யானையை எவரும் வரைவதில்லை. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையைப் பகுப்பது தமிழ் மரபு. படநூல் இவற்றுள் எண்ணலை மட்டும் எடுத்துக்கொண்டது. எண்சுவடியோ எண்ணலோடு ஏனைய அளவைகளையும் தழுவிநின்றது.

பின்னப் பெயர்கள் வழக்கிழந்தமைக்குப் படநூலைக் குறைகூறுதல் பொருந்தாது. 1957இல் பதின்ம நாணயமும், அதைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தபின், அப்பெயர்களுக்கு அங்காடியிலும் களத்திலும் பயன் குன்றியது. பயன் குன்றிய சொல்லைப் பள்ளி மட்டும் காப்பது அரிது.

ஆனால் அவற்றைப் படத்திற் காட்டவே இயலாது என்பதற்கில்லை. ஒரு படி நிறைய எட்டு ஆழாக்கு வேண்டும். படியின் அருகே எட்டு ஆழாக்குகளை வரைந்து, ஒன்றை மட்டும் நெல்லால் நிரப்பிக் காட்டினால், அரைக்கால் என்னும் சொல்லின் பொருளைக் குழந்தை ஒரே பக்கத்தில் காணும்.