பெயருக்கு ஆதாரம்

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1966இல் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' மத்தியகால ஐரோப்பாவை வேஷங்கட்டி வாழ்ந்து பார்க்கிற சங்கம். சேர்கிற எல்லோரும் அங்கே பிரபு குலம்தான். பண்ணையாளாக யாரும் வந்தாக வேண்டியதில்லை. விளையாட்டுதானே, விட்டுத்தள்ளலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் அங்கேயும் ஒரு ஆபீஸ் உட்கார்ந்திருக்கிறது. பதிவுக்குக் கொடுக்கும் பெயர் 1600க்கு முன்னால், போனால் போகட்டும், 1650க்குள் புழங்கியதற்கு எழுத்து ஆதாரம் காட்டியாக வேண்டும். கேடயச் சின்னமோ ஏற்கனவே பதிவானதைப் போல இருக்கக் கூடாது. மற்ற கட்டியக்காரர்கள் அலசிக் கருத்துச் சொன்னபின் பெயருக்கு 'பெலிக்கன்', சின்னத்துக்கு 'ரீத்' எனப் பட்டம் தாங்கிய அதிகாரிகள் தீர்ப்பெழுதுகிறார்கள்.

ஆதாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை உறுத்தியது. ஆங்கிலப் பெயர் அகராதிகளைப் புரட்டினால் வரிப் பட்டியல்களும் வழக்குச் சுருள்களுமே திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கிலாந்தில் 1377க்கும் 1381க்கும் இடையே மூன்று தடவை தலைவரி போட்டார்கள். முதல் தடவை, பதினான்கு வயதைத் தாண்டிய தலைக்கு 4 பென்ஸ். 1381இல் குடியானவர்கள் கிளம்பினார்கள். பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடித்தேடிக் கொளுத்தினார்கள். தங்களைக் கட்டிவைத்தது எந்த எழுத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரிக்காக ஏட்டில் ஏற்றப்பட்ட உழவனின் பெயரை வைத்து இன்று ஒருவர் பிரபுவாகிவிடலாம்.

பிச்சையெடுத்தவர்களுக்கு அந்த வரி கிடையாது. பட்டியலிலும் அவர்கள் இல்லை.