உயிரணுவின் அடுப்பும் ஒரு சென்னை மாணவரும்

கனகம்மாசத்திரத்துக்காரனாகிய எனக்குத் திருத்தணி மலைப்படிகள் புதியவை அல்ல. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகக் கூறப்படும் 365 படிகளை ஏறி முடிக்கையில் மூச்சு வாங்கும், கால்கள் கெஞ்சும். சற்றே அமர்ந்தால் வலிமை திரும்பிவிடும். அது எங்கிருந்து வருகிறது, மாணவர்களே? அதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர், எங்கள் எல்லைப்புறத்தார் பலரைப் போலத் தெலுங்கு கேட்டு வளர்ந்தவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றையே பெற்றார் என்பர். அதன்பின் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் இரவு ஏவலராக வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பின்னர் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே என்பாருடன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

குருதியிலுள்ள பாஸ்பரசை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையொன்றை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். அதே முறையைத் தசைச்சாற்றில் கையாண்டபோது, நீலம் உடனே முழுமை பெறாமல் மெல்ல மெல்ல ஏறியது. வேறொருவராயின் கருவியின் பிழையென்று ஒதுக்கியிருப்பார். எளிதில் சிதையும் பொருளொன்று தசையில் ஒளிந்திருப்பதை அவர்கள் உணர்ந்தனர். அதுவே 1927-இல் அறிவிக்கப்பட்ட பாஸ்போகிரியேட்டின். தசை உழைக்கும்போது அது குறைகிறது. ஓய்வில் மீண்டும் நிறைகிறது. லாக்டிக் அமிலமே தசையியக்கத்தின் மூலம் என்ற கொள்கைக்கு, 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசையே பெற்றிருந்த அறிஞர்களின் கொள்கைக்கு, இதனால் ஆட்டம் கண்டது. 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் இவர்கள் கண்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியே கண்டார். உயிரணு தன் வேலைகளுக்கெல்லாம் செலவிடும் நாணயம் அது. உடலில் இருப்பு சிறிதே. ஆயினும் ஒரு நாளில் அழிந்து ஆகும் அளவு ஏறக்குறைய நம் உடலெடைக்கு ஈடாகும்.

நாணயம் கிடைத்தது, அக்கசாலை எங்கே? உயிரணுவினுள் இழைபோலவும் மணிபோலவும் தெரியும் துகள்களுக்கு 1898-இலேயே கார்ல் பெண்டா மைட்டோகாண்டிரியா எனப் பெயரிட்டிருந்தார். அவற்றின் தொழில் மட்டும் விளங்கவில்லை. நாம் உண்ட உணவை, உள்ளிழுத்த ஆக்சிஜன் கொண்டு எரித்து, ஏ.டி.பி. ஆக்குவது அங்கேதான் என்று கென்னடி, லெனிஞ்சர் ஆகிய இருவரும் 1948-இல் காட்டினர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார்.

அடுப்பு பழுதானால்? 1962-இல் சுவீடன் மருத்துவர் ரோல்ப் லுப்ட் ஒரு பெண்ணின் நோயை விவரித்தார். நிறைய உண்டும் மெலிந்திருந்தார், ஓயாமல் வியர்த்தார். தைராய்டு சுரப்பியிலோ குற்றமில்லை. அவருடைய மைட்டோகாண்டிரியாக்கள் தீயை மூட்டின. ஆனால் அத்தீயின்மீது உலை ஏறவில்லை. வெப்பம் மிகுந்தது, நாணயம் குறைந்தது. மைட்டோகாண்டிரியாவின் கோளாறே நோயாகும் என்பது முதன்முதலாக வெளிப்பட்டது அவ்வம்மையாரிடமே. அத்துகள்களுக்கு 37 மரபணுக்கள் சொந்தமாக உண்டு. அவை தாய்வழியே வருவன. அவற்றில் நேரும் பிழை கண்ணையும் தசையையும் கெடுக்கும் என்பது 1988-இல் உறுதியாயிற்று. மிகுதியாக உழைக்கும் உறுப்புகளே முதலில் தளர்கின்றன.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. நோபல் பரிசும் வரவில்லை. ஆயினும் உயிர்வேதியியல் மாணவர் கண்ணாடிக் குழாயில் நீலம் ஏறுவதைப் பார்த்துப் பாஸ்பரசை அளக்கும் அம்முறைக்குப் பிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர்.