பசுங்கரையும் அறுதிக்கரையும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் செல்லும் சாலையில், கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கிடையே நின்று, இங்கே உழவு நடந்தது என்றால் கேட்பவர் நகைப்பார். கோயில் கல்வெட்டுகளைக் காட்ட மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நாம் கண்ட நகைப்புத்தான். சாத்தங்காடு அவர்களுக்கு இரும்புச் சந்தை. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஆனால் 1708இல் நவாப் தாவூத்கான் ஆங்கிலக் கம்பெனிக்கு வழங்கிய ஐந்து ஊர்களில் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி ஆகிய நான்கும் இப்பகுதியின, ஐந்தாவது நுங்கம்பாக்கம். கம்பெனி அவற்றை விரும்பியது வருவாய்க்காக.

இவ்வூர்களை உள்ளடக்கிய தொண்டைமண்டலத்தில் நிலம் எவ்வாறு உழப்பட்டது என்பதற்கு நமக்கு வாய்த்த நல்ல சாட்சி எல்லிஸ். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவராகவும், தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என 1816இல் எழுதியவராகவும் வாசகர்கள் அவரை அறிவார்கள். சென்னைக் கலெக்டராயிருந்த அவரிடம் மிராசு உரிமை பற்றி அரசு 17 வினாக்கள் விடுத்தது. விடைகள் 1818இல் அச்சேறின. குறள் உரைக்காக எல்லிஸைப் போற்றும் நம் தமிழ்த்துறைகள் இந்நூலைப் புரட்டுவதில்லை என்பது நம் குறை.

அதில் இரு சொற்கள் வருகின்றன. ஊர் நிலம் முழுவதும் பங்காளிகளுக்குப் பொதுவாயிருந்து, அவரவர் பங்கின் அளவுக்கேற்பக் குறித்த காலத்துக்கொருமுறை மாற்றிப் பகிரப்பட்டால் அது பசுங்கரை. இனி மாற்றமில்லை என்று நிலையாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. கரை என்பது இங்கே பங்கு. பசுங்கரை ஊரில் இன்று மடைக்கு அருகில் உழுதவன் அடுத்த முறை கடைமடைக்குப் போக நேரும். ஆகவே வாய்க்கால் தூர்ந்தால் அது ஒருவனுடைய துயரமாக நிற்பதில்லை.

பங்கு வயலோடு முடியவில்லை, களத்திலும் தொடர்ந்தது. ஜாகீர் எனப்பட்ட செங்கற்பட்டுப் பகுதியின் ஏறத்தாழ 2000 ஊர்களைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அளந்தார். தரம்பால் வெளிச்சத்துக்குக் கொணர்ந்த அக்கணக்குகளில், பொலியிலிருந்து அரசுக்கும் உழவனுக்கும் பிரிக்குமுன்னே தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், கணக்கர், கோயில், ஏரி எனப் பலவற்றுக்கும் மேரை எடுத்துவைக்கப்பட்டது தெரிகிறது. ஏரிக்குப் பங்கு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

இதைப் பொற்காலமென எழுதிவிடுவது எளிது. பலர் எழுதியும் விட்டனர். நாம் அதற்கு உடன்படவில்லை. கரை உடையோர் மிராசுதாரர் மட்டுமே. சேற்றில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சேரியினர். களத்தில் ஒரு கூலிப்பங்கு இருந்ததேயன்றி நிலத்தில் கரை இல்லை. அடிமைநிலையில் இருந்தோர் பலர் என்பதையும் எல்லிஸ் மறைக்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அவர்களின் நிலையை அறிக்கையாக எழுதியபின், 1892இல்தான் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் இன்று அறிவது அது.

பசுங்கரையை முடித்துவைத்தது இந்த அநீதி அன்று, வரி. 1802இல் ஜாகீர் துண்டாடப்பட்டு ஏலம் விடப்பட்டது. பின்னர் ரயத்துவாரி வந்தது. ஒரு வயலுக்கு ஒரு பட்டா, ஒரு பெயர். சுழன்றுவரும் பங்கை எழுத அந்த ஏட்டில் இடமில்லை. ஏரிப்பணிக்கு ஊரார் தாமாக வந்த வழக்கம் தளர்ந்து, 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றிக் குடிமராமத்தை மீட்கப் பார்த்தார்கள். களத்தின் மேரையைக் கலைத்துவிட்டு ஆளை மட்டும் அழைத்தால் யார் வருவார்?

நிலத்தில் அழிந்த அம்முறையின் உடன்பிறப்பு நீரில் எஞ்சியுள்ளது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீனவர் அதைப் பாடு என்பர். எவர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டெடுத்து முறை வைத்துக்கொள்வார்கள்; மீன் மிகுந்த இடம் ஒருவருக்கே நிலைக்காது. பாட்டிலும் உரிமையுள்ளோர், இல்லாதோர் என்ற வேலி உண்டு. அதனால் வழக்குகளும் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என அறிவிக்கப்பட்டது. கழிமுகத்துக்கு, அந்த ஏரிப் பங்கைப்போல, முதலில் எடுத்துவைக்கும் மேரை ஒன்றும் இல்லை.