ஊழும் விசாரணையும்: ஒரு திரைப்படத்தின் விடையற்ற வினாக்கள்

தமிழிலக்கிய மரபில் அநியாயச் சாவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் மிகப் பழையது ஊழ். சிலப்பதிகாரத்திலே பிழைப்புத் தேடி மதுரை சென்ற கோவலன், பொற்கொல்லனின் பொய்யாற் கள்வனாக்கப்பட்டு விசாரணையின்றிக் கொல்லப்படுகின்றான். காப்பியம் இதனை முற்பிறப்பு வினையோடு தொடர்புறுத்துகின்றது. எனினும் கண்ணகி வழக்குரைத்துச் சிலம்பை உடைத்ததும் பாண்டியன் தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர்துறக்கின்றான். ஊழை ஏற்ற காப்பியம் அரசின் பொறுப்பை மறுக்கவில்லை என்பது நோக்கற்பாலது.

அப்பொறுப்பு அற்றுப்போன உலகைக் காட்டுவது வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை'. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டு, 2016இல் திரையரங்குகளுக்கு வந்த இப்படத்துக்கு அடிப்படையாக அமைந்தது, கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' என்னும் நூலாகும். 1983இல் ஆந்திர மாநிலத்துக் குண்டூரில் அவர் காவலிற் பட்ட சித்திரவதையே அந்நூலின் பொருள். படத்தில், குண்டூர்ப் பூங்காவொன்றில் உறங்கும் தமிழ்க் கூலித் தொழிலாளர் நால்வர் பிடிக்கப்பட்டு, செல்வாக்குள்ள ஒருவரின் வீட்டில் நிகழ்ந்த கொள்ளையை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்படுகின்றனர்.

இவர்கள் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பது முதல் வினா. அடிப்போருக்கு இவர்கள்மீது முற்பகை எதுவுமில்லை. வழக்கை முடிக்கவேண்டிய நெருக்கடியே உண்டு. முகவரியும் மொழியும் கேட்பாரும் அற்றோர் அதற்கு வசதியாகக் கிடைத்தனர். பொலிசாரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக எண்பிக்கப்படலாகாது என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், 1895ஆம் ஆண்டின் இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் விதித்தன. ஆகவே நீதவான் முன்னிலையில் அவர்கள் தம் வாயாலேயே குற்றத்தைக் கூறும்வரை அடிக்கவேண்டியதாயிற்று. இலங்கையிலோ, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வழிசெய்து, இவ்விருந்த காப்பையும் தளர்த்தியது.

படத்தின் பிற்பகுதி எழுப்பும் வினா இன்னும் கடியது. தமிழகப் பொலிஸ் அதிகாரி முத்துவேல் நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க, தொழிலாளர் விடுதலை பெறுகின்றனர். உடனேயே, அரசியல்வாதிகளின் கறுப்புப் பணத்தை அறிந்த கணக்காய்வாளன் ஒருவனைக் கடத்துவதற்கு அவர்கள் பயன்படுத்தப்படுகின்றனர். வழியில் இறங்கிக்கொண்ட குமார் தப்பிவிடுகின்றான். பொலிஸ் நிலையத்தைத் துப்புரவாக்க நின்ற மற்றைய மூவரோ, கேட்கக்கூடாதவற்றைக் கேட்டுவிடுகின்றனர். கணக்காய்வாளன் காவலில் இறந்ததும் அவர்களும் அழிக்கப்படுகின்றனர். மனச்சான்று உறுத்திய முத்துவேலும் உயிர்தப்பவில்லை.

இதனை ஊழ் எனலாமா? யார் வாகனத்திலிருந்து இறங்கினர், யார் இறங்கவில்லை என்பது தற்செயல். ஆனால் இறங்காதவர் சாகவேண்டும் என்பது தற்செயலன்று. அது, தன் குற்றத்தை மறைக்கும் அதிகார அமைப்பின் தேவை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி விதியென அழைக்கும்போது, கொன்றவர் பொறுப்பினின்றும் விடுபடுகின்றனர் என்பதே எமது கருத்து.

ஆவணமற்ற மனிதன் அதிகாரத்தின் முன் நிற்கும் நிலை எமது கரைகளுக்கும் அயலானதன்று. புத்தளம் மாவட்டத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் உச்சமுனை, கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டத்திற் சேர்க்கப்பட்ட 14 தீவுகளுள் ஒன்று. மீன்பிடித்து வாழும் மக்களிடம் காணிக்கு உறுதி எங்கே என்ற வினா அத்திட்டத்தோடு வந்தது. இதனைக் குண்டூர்ச் சித்திரவதையோடு சமப்படுத்துதல் தவறு. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிடத்தும் வலியற்றவனே விடைகூற வேண்டியவனாகின்றான்; வினவுவோனை வினவ எவருமில்லை.

எதிர்ப்பின் வழியைக் காட்டாத இப்படம் அவநம்பிக்கையையே வளர்க்கின்றது என்று முற்போக்கு நோக்குடையோர் குறைகூறலாம். இக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் படத்துக்கு மூலமான நூலை மறத்தல் ஆகாது. குண்டூரில் அடிபட்ட தொழிலாளி உயிரோடு மீண்டு, தனக்கு நேர்ந்ததை விதியென்று விட்டுவிடாது, இடத்தையும் ஆண்டையும் குறித்து எழுதினார். கண்ணகியின் வழக்குரைக்குப் பாண்டியன் விடையிறுத்தான். சந்திரகுமாரின் நூலுக்கு விடைகூறவேண்டிய கடப்பாடு இன்னும் அரசினிடமே உள்ளது.