மாஸ்டா 787பி: ஜெயித்ததால் தடை செய்யப்பட்ட காரா?

கார் காணொளிகளை விரும்பிப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் ஆரஞ்சும் பச்சையும் கலந்த, 55 என்ற எண் கொண்ட பந்தயக் கார் ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதன் காதைப் பிளக்கும் சத்தத்தையும் கேட்டிருப்பீர்கள்.

அதுதான் மாஸ்டா 787பி. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1991இல் வென்ற ஜப்பானியக் கார்.

"அது ஜெயிச்சதும் மத்தவங்க பயந்துட்டாங்க. அந்த எஞ்சினையே தடை பண்ணிட்டாங்க!" என்று பலர் சொல்வதுண்டு.

உண்மையிலேயே அப்படித்தான் நடந்ததா?

லெ மான் பந்தயம் ஏன் அவ்வளவு கடினம்?

சிங்கப்பூரில் இரவில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயம் சுமார் 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். லெ மான் அப்படியில்லை. 1991இல் சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளம்பிய கார்கள் மறுநாள் மாலை 4 மணிவரை ஓடின.

ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். அதன் ஒரு பகுதி சாதாரணப் பொதுச் சாலை. ஒரு காரை மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். 24 மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓடிய கார்தான் வெற்றி பெறும்.

அந்தக் காலத்தில் பெட்ரோலுக்கும் அளவு உண்டு. வேகமாகப் போனால் மட்டும் போதாது, கடைசிவரை தாங்கவும் வேண்டும்.

அந்த எஞ்சினில் என்ன விசேஷம்?

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றித்தான் சக்கரங்களுக்கு அனுப்புவார்கள்.

787பியில் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடுப்பு ஒடுங்கிய முட்டை போன்ற அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மூன்று பக்கங்களும் மாறி மாறிக் காற்றையும் எரிபொருளையும் இழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியேற்றும். இதுதான் ரோட்டரி எஞ்சின். ஜெர்மானியப் பொறியாளர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனை.

இதில் அசையும் பாகங்கள் குறைவு. எஞ்சின் சிறியது, எடையும் குறைவு.

ஆனால் ஒரு பெரிய தலைவலி இருந்தது. சுழலியின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்கும் மெல்லிய பட்டைகள் உண்டு. 1960களில் அவை அதிர்ந்து அதிர்ந்து அறையின் உட்சுவரைக் கீறின. மாஸ்டா பொறியாளர்கள் அந்தக் கீறல்களுக்கு வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'!

கெனிச்சி யாமாமோட்டோ தலைமையிலான குழு அந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1967இல் ரோட்டரி எஞ்சின் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.

787பிக்கு வரும்போது அந்த முனைப் பட்டைகள் பீங்கான் வகைப் பொருளால் செய்யப்பட்டன. எஞ்சினில் 4 சுழலிகள், மொத்தக் கொள்ளளவு 2.6 லிட்டர். ஒவ்வொரு சுழலிக்கும் 3 தீப்பொறிச் செருகிகள். நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும்போது ஏறக்குறைய 700 குதிரைத்திறன். இன்னும் கூடுதல் சக்தி எடுத்திருக்கலாம். ஆனால் 24 மணி நேரம் தாங்க வேண்டுமே!

அப்படியென்றால் அதுதான் ஆக வேகமான காரா?

இல்லை. 55ஆம் எண் கார் கிளம்பியதே 19ஆம் இடத்திலிருந்துதான். மெர்சிடிஸ் கார்கள் அதைவிட வேகமானவை.

மாஸ்டாவுக்கு வேறொரு சாதகம் இருந்தது. போட்டிக்கு முன்பு குழு நிர்வாகி தகாயோஷி ஓஹாஷி, காரின் குறைந்தபட்ச எடை குறித்து அதிகாரிகளிடம் பேசிச் சலுகை பெற்றார். மெர்சிடிஸ், ஜாகுவார் கார்கள் 1,000 கிலோகிராம் இருக்க வேண்டும். மாஸ்டாவுக்கு 830 கிலோகிராம் போதும். எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சம், பிரேக்குக்கும் டயருக்கும் சுமை குறைவு.

மற்றவர்கள் பெட்ரோலைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க, மாஸ்டா ஒரே சீராக ஓடியது. பந்தயம் முடியச் சுமார் 3 மணி நேரம் இருந்தபோது, முன்னணியில் இருந்த மெர்சிடிஸின் எஞ்சின் சூடேறிப் போனது. முதலிடம் மாஸ்டாவுக்கு.

கடைசிக் கட்டத்தில் ஜானி ஹெர்பர்ட் ஓட்டினார். ஆள் மாற்ற நேரத்தை வீணாக்காமல் அவரே தொடர்ந்து ஓட்டி முடித்தார். மொத்தம் 362 சுற்றுகள், ஏறத்தாழ 4,922 கிலோமீட்டர். இரண்டாம் இடத்தில் வந்த ஜாகுவாரைவிட 2 சுற்றுகள் அதிகம்.

காரைவிட்டு இறங்கிய ஹெர்பர்ட், உடலில் நீர் வற்றியதால் சரிந்து விழுந்தார். வெற்றி மேடையில் ஃபோல்கர் வைட்லரும் பெர்ட்ரண்ட் கஷோவும் மட்டும் நின்றனர். 20 ஆண்டுகள் கழித்து, 2011இல்தான் அந்த வெற்றிக்காக ஹெர்பர்ட் லெ மான் மேடையில் ஏறி நின்றார்.

சரி, தடை விதித்தார்களா இல்லையா?

1992இல் ரோட்டரி எஞ்சினுக்கு இடமில்லாமல் போனது உண்மை. ஆனால் காரணம் அந்த வெற்றியல்ல.

எல்லாக் கார்களும் ஃபார்முலா 1 பாணியில் 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு மாற வேண்டும் என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டது. மாஸ்டாவுக்கு மட்டுமல்ல, மெர்சிடிஸின் 5 லிட்டர் டர்போ எஞ்சினுக்கும் ஜாகுவாரின் 7.4 லிட்டர் எஞ்சினுக்கும் அதே கதிதான்.

1991 தான் கடைசி வாய்ப்பு என்பது மாஸ்டாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் களமிறங்கியது. மறு ஆண்டு பிஸ்டன் எஞ்சின் காரோடு வந்து 4ஆம் இடம் பிடித்தது.

அதன் பிறகு ஒரு ஜப்பானிய நிறுவனம் லெ மானில் வெல்ல 2018வரை ஆனது. அது டொயோட்டா. பிஸ்டன் இல்லாத எஞ்சினோடு வென்ற கார் என்றால் இன்றுவரை 787பி ஒன்றுதான்.

இனி யாராவது "ஜெயிச்சதால தடை பண்ணாங்க" என்று சொன்னால், நீங்கள் தாராளமாகத் திருத்தலாம்: தடை வரப்போவது தெரிந்தும் போய் ஜெயித்தார்கள்.