தொகையும் இழப்பும்: குறுந்தட்டில் அடங்கிய திரைப்படம்

‘பால்குடம்’ என்னும் தொகைச்சொல்லைப் ‘பாலை உடைய குடம்’ என நாம் எளிதாக விரித்துக்கொள்கிறோம். மறைந்து நின்ற உருபும் பயனும் மீண்டும் வெளிப்படுகின்றன. டிவிடியிலுள்ள திரைப்படத்தைச் சாதாரணக் குறுந்தட்டில் அடக்கிய தொழில்நுட்பமும் ஒருவகைத் தொகுத்தலே. ஆயினும், அங்குத் தொக்கவை அனைத்தும் மீண்டும் விரிவதில்லை.

ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். குறுந்தட்டில் அடங்குவதோ ஏறத்தாழ 700 மெகாபைட்; அதாவது ஏழில் ஒரு பங்கு. இவ்வளவு சுருக்குவதற்கான கணித அடிப்படை, 1974இல் நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவரும் வெளியிட்ட கொசைன் உருமாற்ற முறையாகும். கண் எளிதில் உணராத நுண்விவரங்களைப் பிரித்து நீக்க அது வழிசெய்தது. 1988இல் அமைந்த எம்பெக் குழு, அடுத்தடுத்த காட்சிச் சட்டகங்களில் மாறிய பகுதியை மட்டும் பதியும் உத்தியையும் அதனுடன் இணைத்தது. 1993இல் அறிமுகமான விசிடி, தட்டொன்றுக்கு 74 நிமிடப் படத்தைத் தாங்கியது. நம் நாடுகள் உள்ளிட்ட ஆசியாவில் அது பெரிதும் பரவியது. நீண்ட தமிழ்ப்படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தன. பின்னர் 1990களின் இறுதியில் டிவ்எக்ஸும், 2001இல் எக்ஸ்விட்டும் தோன்றியபின், முழுப்படமும் ஒரே குறுந்தட்டில் அடங்கலாயிற்று.

இச்சுருக்கத்தில் காட்சியின் தெளிவு குறைந்ததை அனைவரும் கண்டனர். மொழி குறைந்ததைக் கண்டவர் சிலரே. டிவிடி அமைப்பில் 8 ஒலித்தடங்களுக்கும் 32 வசனவரித் தடங்களுக்கும் இடமுண்டு. ஆனால், நொடிக்கு 448 கிலோபிட் வீதம் பதிந்த சூழொலித் தடம் ஒன்றே, இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறத்தாழ 500 மெகாபைட்டை எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு மொழியின் ஒலியை மட்டும், அதையும் சுருக்கி, வைத்துக்கொள்வதே வழக்கமாயிற்று. வசன வரிகளோ மிகச் சிற்றிடமே கொள்வன. எனினும், விசிடியில் அவற்றுக்குத் தனித்தடம் இல்லாமையால், காட்சியோடு காட்சியாக அவை பதிக்கப்பட்டன, அல்லது விடப்பட்டன.

மொழி பயிற்றுவோர்க்கு இது சிறிய இழப்பன்று. ஒரே உரையாடலைத் தமிழிலும் பிறமொழியிலும் இணைத்துக் காட்டும் திரைப்படம், பேச்சுவழக்குக்கும் மொழிபெயர்ப்புக்கும் உரிய சான்றாவணம். சுருங்கிய படி மட்டுமே எஞ்சினால், நீக்கப்பட்ட தடத்தை எந்தக் கருவியாலும் விரித்தெடுக்க இயலாது. ஆகவே, பள்ளிகளிலும் வீடுகளிலும் உள்ள பழைய டிவிடிகளைக் கணினிக்கு மாற்றுவோர், அவற்றில் எத்தனை ஒலித்தடங்களும் வசனவரித் தடங்களும் உள்ளன என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, அத்தனையையும் படியெடுத்தல் வேண்டும்.