கல்யாணத்தைக் கணக்குப் பார்த்த உதவித்தொகை

பிரெஞ்சு பென்ஷன் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்தாக்களின் நினைவுதான் வரும். போரில் கை, கால் இழந்த சிப்பாய்க்கு ஊன பென்ஷனை உரிமையாகக் கொடுத்தது 1919 மார்ச் 31-ஆம் தேதிச் சட்டம். ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் சொன்னால் அதற்கேற்ற தொகை. மனைவி சம்பாதிக்கிறாளா என்று யாரும் கேட்கமாட்டார்கள். காயத்துக்கு நாடு தரும் ஈடு அது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவரின் கதை வேறு. 1905-ஆம் வருடத்துச் சட்டம் ஏழை முதியோருக்கும், தீரா நோயாளிகளுக்கும், உடல் ஊனமுற்றோருக்கும் சிறிது உதவி செய்தது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று விரிவான சட்டம் வந்தது 1975 ஜூன் 30-இல். ஜிஸ்கார் தெஸ்தேன் ஜனாதிபதியாகவும், சிமோன் வெய் சுகாதார அமைச்சராகவும் இருந்த காலம். பிரான்சில் இருக்கும் நம் உறவினர்கள் ‘ஆ ஆ ஆஷ்’ என்று சொல்லும் உதவித்தொகை அதில்தான் பிறந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் இது ஈடு அல்ல, உதவி. உதவி என்றால் அரசாங்கம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். குமாஸ்தாவாக இருந்த எனக்கு ‘குடும்ப வருமானம்’ என்ற பத்தி என்னென்ன செய்யும் என்று தெரியும். கணவனோ மனைவியோ சம்பாதித்தால் தொகை குறையும். ஓரளவுக்கு மேல் போனால் அடியோடு நிற்கும். கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தாலும் அதே கணக்கு. சோப்பு வாங்கக்கூடத் துணையிடம் கை நீட்ட வேண்டும். கொடுமைக்காரக் கணவனை விட்டு விலக நினைக்கும் பெண்ணிடம் பஸ் கட்டணம்கூட இருக்காது. உதவித்தொகை போய்விடும் என்று பயந்து தனித்தனி வீட்டில் வாழ்ந்த ஜோடிகளும் உண்டு.

தம்பதிகள் ஒருவரையொருவர் தாங்குவது முதல் கடமை, அரசாங்கத்தின் உதவி அதற்குப் பிறகுதான் என்பது அரசுத் தரப்பு வாதம். 2019 நவம்பரில் தொகையை 900 யூரோ ஆக்கினார்கள். அதே சமயம், தனி ஆளின் வருமான வரம்பைப்போல் இரு மடங்காக இருந்த தம்பதியர் வரம்பை முதலில் 1.89, பிறகு 1.81 மடங்காகக் குறைத்தார்கள். ஆகவே பல தம்பதிகளுக்கு உயர்வு கண்ணில் படவே இல்லை.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கீழவை, துணையின் வருமானத்தைச் சேர்க்கக்கூடாது என்ற மசோதாவை அரசாங்கத்தின் விருப்பத்துக்கு மாறாக நிறைவேற்றியது. செனட் சபைக்குப் போன மனுவில் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. 2021 மார்ச்சில் செனட்டும் ஆதரித்தது. ஆனாலும் அதே ஜூனில் அரசாங்கம் தடுத்துவிட்டது. தேர்தல் முடிந்தபின் 2022 ஆகஸ்ட் 16-ஆம் தேதிச் சட்டத்தில் அது இடம்பெற்று, 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதாவது 48 வருடம். புதுக் கணக்கால் நஷ்டப்படுகிறவர்களுக்குப் பழைய கணக்கே தொடரும் என்றும் எழுதி வைத்தார்கள்.

அன்றைய முழுத் தொகை மாதம் சுமார் 971 யூரோ. அந்நாட்டு வறுமைக் கோட்டுக்குக் கீழேதான். ஆனாலும் அது அவரவர் பேரில் வருகிற பணம். துணையின் சம்பளத்தைக் காட்டி முன்பு மறுக்கப்பட்ட உறவினர் யாராவது பிரான்சில் இருந்தால், மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி வையுங்கள்.